நான் வெட்டிய உருளை

நான் பொறாமைக்காரி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஆசிரியர் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். மாதிரி வகுப்பை நன்றாக எடுப்பவளுக்கு உள்ளூர்ப் பள்ளியிலேயே வேலை என்று பேச்சு. மற்றவளுக்குக் கண்காணாத ஊர். போட்டி எனக்கும் ராஜேஸ்வரிக்கும். இருவருக்கும் ஒரே பாடம்: கன உருவங்களை அடையாளம் கண்டு வகைப்படுத்துதல்.

ராஜேஸ்வரி அட்டையில் கனச்சதுரம், கூம்பு, உருளை எல்லாம் செய்து ஓரங்களில் ஜரிகைத் துணுக்கு ஒட்டியிருந்தாள். அந்தக் கூம்பைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. (அவளுக்கு மூக்கும் எடுப்பாக இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்காது.) நான் களிமண்ணில் செய்தவை வெயிலில் வெடித்து, எல்லாமே கொழுக்கட்டையாகிவிட்டன.

"என்னோடத எடுத்துக்கோடி. என் வகுப்பு முடிஞ்சா சும்மாதானே இருக்குது," என்றாள்.

"உன் அட்டைய நீயே வெச்சுக்கோ. நான் நிஜ சாமானே கொண்டாரேன்," என்றேன்.

நிஜ சாமான், குடலை இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலையை விரித்து, மாவை ஊற்றி வேகவைக்கும் முழங்கை நீள இட்லி. எங்கள் ஊர்க்காரிக்கு உருளை என்றால் அதுதான். "இட்லிக்கு இன்னாடி பரீட்ச?" என்று கேட்டுக்கொண்டே அம்மா அவித்துக் கொடுத்தாள்.

பரிசோதிக்க வந்த அம்மையார் கடைசி பெஞ்சில். பக்கத்தில் ராஜேஸ்வரி, தன் வகுப்பைப் பிரமாதமாக முடித்த தெம்போடு. உருளையின் இலக்கணத்தைச் சொல்லிவிட்டு இலையைப் பிரித்தேன். மிளகு வாசனைக்கு வகுப்பே நிமிர்ந்தது.

"இது என்ன?"

"இட்லி, டீச்சர்!"

"உருவத்தைச் சொல்லுங்க."

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "உருளைன்னா ரெண்டு பக்க வட்டமும் ஒரே அளவுன்னீங்க. இது மேல பெருசா இருக்குது, கீழ சிறுசா இருக்குதே, டீச்சர்?"

குடலை அடியில் குறுகும் என்பதை இருபது வருஷம் தின்றும் நான் கவனித்ததில்லை. "சபாஷ், இது நுனி வெட்டிய கூம்பு, அதாவது கூம்பின் இடைக்கண்டம்" என்று சொல்லியிருந்தால் வேலை எனக்குத்தான். ஆனால் ராஜேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியை எடுத்து அடிப்பக்கத்தை நறுக்கினேன். சரியாகவில்லை. மேல்பக்கத்தை நறுக்கினேன். எங்கே வெட்டினாலும் ஒரு வட்டம் பெரிது, ஒரு வட்டம் சிறிது. வில்லைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "அளந்து பாருங்க," என்றேன். யாரும் அளக்கவில்லை.

அம்மையார் எழுந்து வந்தார். "உருளை எங்கேம்மா?"

"துன்னுட்டோம் டீச்சர்," என்றாள் அதே சிறுமி.

வேலை ராஜேஸ்வரிக்கு. எனக்கு மூன்று பஸ் மாறிப் போகும் ஊர். அன்று நான் மறந்துவிட்டு வந்த கத்தியைக் கொடுக்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கதவைத் திறந்தது என் அண்ணன். மறு வருஷமே அவள் எனக்கு அண்ணி.

இன்றும் விசேஷ நாட்களில் குடலை இட்லியை வெட்டுவது அவள்தான். "உனக்கு உருளை வெக்கட்டுமா, இடைக்கண்டம் வெக்கட்டுமா?" என்று கேட்பாள். பேரப்பிள்ளைகள் வரை வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, அவள் தட்டில் இருக்கும் வில்லை என்னுடையதைவிடப் பெரிதா என்று பார்த்துக்கொள்வேன்.