தண்ணீரைப் படித்தவளின் தகப்பன்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ருமால்டோ அவர்களுக்கு,

மாதாவின் கருணையால் இங்கு அனைவரும் சுகம். கீத்தோ நகரக் குளிரிலும் தங்கள் முட்டிவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். பசுக்களும் சுகம். உங்கள் தங்கை கார்மெலாவும் சுகம், என்னோடுதான் பேசுவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

யாதிராவுக்கு ஞானத்தகப்பன் என்ற உரிமையில், அவளைச் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க வையுங்கள் என்றது நீங்கள்தான். "ஆத்துத் தண்ணிய மோந்து பாக்க அஞ்சு வருஷமா?" என்று சிரித்தது நான். காடு, குப்பை, காற்று, எண்ணெய்க் கிணறு என எங்கு போனாலும் வேலை உண்டு என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினீர்கள். அப்படியேதான் ஆயிற்று. கூடப் படித்த ஒருத்தி விமான நிலையத்தில் பறவைகளை விலக்க யோசனை சொல்கிறாள், இன்னொருவன் குப்பைமேட்டுக்கு அதிகாரி. நம் பிள்ளைக்கு நீர் அலுவலகத்தில் வேலை, அதுவும் நம் ஆற்றுக்கே. ஒரு மாதம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்து ட்ரவுட் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. ஊர்ப் பொதுவேலைக்கான மிங்கா நாளில் எல்லாரும் மண்வெட்டியோடு ஆற்றைச் சுத்தம் செய்ய இறங்கினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு சேறு அள்ளியிருக்கலாம். ஆற்றோரம் நம் சீஸ் கொட்டகைக்கு மேல்பக்கம் பன்றி வளர்க்கும் செகுந்தோதான் காரணம் என்று அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"எம் பன்னிங்கள வம்புக்கு இழுக்காத அன்செல்மோ, ஆமா" என்றான் அவன்.

"எம் பொண்ணு தண்ணியப் படிச்சவடா! ஒரு பாட்டில் மொண்டு பாத்தான்னா எந்தப் பன்னி எப்பப் பேண்டுச்சுன்னு சொல்லிடுவா!"

ஊரே சிரித்தது. அதோடு விட்டேனா? ஆற்றைப் பரிசோதிக்க மனு எழுதி, முதல் கையெழுத்தும் நானே போட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்.

யாதிரா ரப்பர் பூட்ஸோடு வந்து பத்து இடத்தில் தண்ணீர் பிடித்தாள். செகுந்தோவின் தொழுவத்துக்குக் கீழே மீன்கள் துள்ளி விளையாடின. நம் கொட்டகைப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"அப்பா, இந்தக் குழாய் யாருது?"

"நம்மளுதுதாம்மா."

"அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, மச்சான். கோபித்திருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

சீஸ் கட்டி எடுத்தபின் மிஞ்சும் மஞ்சள் தண்ணீரை என் பாட்டன் காலத்திலிருந்து ஆற்றில்தானே விடுகிறோம்? பால்தானே, மீனுக்கும் சத்து என்றிருந்தேன், சத்தியமாக. அது அழுகும்போது ஆற்றில் உள்ள காற்றையெல்லாம் உறிஞ்சிவிடுமாம், மீன் மூச்சு முட்டிச் சாகுமாம். அப்பன் காலத்தில் பசு நான்கு, இன்று முப்பது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்ச் சபையில் அறிக்கையை வாசிப்பாள். அதில் என் பெயர் வந்தால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்? உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். இப்படிக் கேட்கப் போகிறேன் என்றதற்குத்தான் கார்மெலா என்னோடு பேசுவதில்லை. அத்தனை வேலை உண்டு என்றீர்களே, வேறு ஏதாவது ஆற்றுக்கு மாற்றிக்கொள்ளவும் சொல்லுங்கள்.

தங்களுக்கும் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல முட்டியும் தருவாராக.

என்றும் கீழ்ப்படிந்த
அன்செல்மோ

பின்குறிப்பு: கடைசியாகக் கேட்டதை மறந்துவிடுங்கள். உறையை ஒட்டும் நேரம் யாதிரா வாசலில் வந்து நின்றாள். "சபையில படிக்கத்தானேப்பா எழுதறீங்க? நீங்களே ஒத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் அறிக்கையில பேரு எழுதற எடத்த வெறுமனே விட்டு வெச்சிருக்கேன்" என்றாள். ஆமாம் என்றுவிட்டேன். வேறு என்ன சொல்ல? இன்னொரு தரம் எழுதத் தெம்பில்லை, ஞாயிறன்று இதையே வாசிக்கப் போகிறேன், உங்கள் முட்டிவலியையும் அந்தக் கடைசிப் பத்தியையும் விட்டுவிட்டு. பிறகுதான் தபாலில் வரும். மஞ்சள் தண்ணீரைப் பன்றிகள் விரும்பிக் குடிக்குமாம், மச்சான். திங்கட்கிழமை முதல் நான் இரண்டு வாளியோடு செகுந்தோ வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.