அட்டைப்படத்தில் வெட்டுப்பட்ட ஆறு பேர்

வட்டகொடை,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை பிரதாப் அவர்களுக்கு,

மாமா பொன்னையா எழுதிக்கொள்வது. இங்கே குளிரையும் உங்கள் அத்தையின் கோபத்தையும் தவிர எல்லாம் சுகம். அங்கே நீங்களும் மகள் தனுஷிகாவும் சுகமென்று நம்புகிறேன். போனில் பேசினால் அத்தை காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே என் புத்தகத்தை மின்னூலாக ஏற்றப் போனேன். முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக தேயிலைத் தோட்டத்து எடைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுத்த கதையல்லவா, அதனால் அத்தை உட்பட அன்று கொழுந்தெடுத்த ஆறு பெண்களையும் பழைய தராசுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து அட்டைப்படம் எடுத்திருந்தேன். ஒரு ஓரத்தில் தராசைப் பிடித்தபடி நான். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் வெளியீடு, ஆறு பேரும் புதுச்சேலை கூட எடுத்துவிட்டார்கள். அந்த இணையதளமோ, படம் ஆறு எம்பி இருக்கிறது, இரண்டுக்குள் கொண்டுவா என்று திருப்பிவிட்டது. பாரம் கூடினால் கழிப்பது எனக்குப் புதிதா? மறு ஓரத்தில் நின்ற பேச்சாயியை போனிலேயே வெட்டினேன். படம் ஏழு எம்பி ஆனது! சாக்கிலிருந்து கொழுந்தை அள்ளினால் பாரம் கூடுமா மாப்பிள்ளை? என் சர்வீசில் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேரை வெட்டினேன், ஒன்பது. பதறிப்போய் எல்லாரையும், கடைசியில் உங்கள் அத்தையையும் வெட்டினேன். நானும் தராசும் மட்டுமே எட்டு எம்பி. நான் என்ன அவ்வளவு பாரமா? பின்னால் நின்று பார்த்த அத்தை லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். பேச்சாயி வாசலுக்கே வந்துவிட்டார்.

"அன்னைக்கு நாங்க எடுத்த கொழுந்துல சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோன்னு வெட்டுனீங்க, பேசாம இருந்தோம். இன்னைக்கு ஆளையே வெட்டிப்புட்டீங்களேங்கய்யா!"

 வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை ஒருவரும் வரமாட்டார்களாம். அவர்கள் இல்லாமல் இந்தப் புத்தகம் யாருக்கு? ஒன்றுமே விளங்கவில்லை, உடனே ரயில் ஏறி வாருங்கள்.

கொழும்பு வெயில் உங்கள் இருவரையும் வாட்டாதிருக்க முருகனை வேண்டும்,
மாமா பொன்னையா

பி.கு.: வர வேண்டாம். முழுப்படத்தையாவது தரச்சொல்லி பேச்சாயி கேட்டதால் அவர் மகளின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். "நீங்களே வச்சுக்கங்க" என்று கோபத்தில் அதைத் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்த படம் அரை எம்பி கூட இல்லை! எப்படி என்று கேட்காதீர்கள். இணையதளம் வாங்கிக்கொண்டது. ஆறு பேரும் படத்தில் முழுசாக இருக்கிறார்கள், சனிக்கிழமை புதுச்சேலையோடு வருவார்களாம். படம் அகலம் என்று அதுவே நான் நின்ற ஓரத்தை வெட்டிக்கொண்டதில், தராசின் மேல் என் கை மட்டும் மிச்சம். அத்தை பார்த்துவிட்டு, இரண்டு நாளுக்குப் பிறகு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். "சாக்குக்கும் தண்ணிக்கும் இப்ப சரியாப் போச்சுங்க" என்றாள்.