மாப்பிள்ளை அனுப்பிய மதகு

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை தமிழரசன் அவர்களுக்கு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையிலிருந்து மாமனார் வைத்தியலிங்கம் எழுதுவது.

இங்கு நான் நலம். மாடுகள் நலம். உங்கள் அத்தை நலமா என்பதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளவும். என்னோடு அவள் பேசுவதில்லை. சிங்கப்பூரில் நீங்களும் குந்தவையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என நம்புகிறேன். எனக்கு அந்தக் கொடுப்பினை போய்விட்டது. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் தாளில் எழுதி, படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் எங்கள் அறுபதாம் கல்யாணம். உங்களுக்கு லீவு கிடைக்காத குறைக்கு ரெண்டு டேப்லெட் வாங்கி, அதில் மூன்று விளையாட்டும் போட்டு அனுப்பினீர்கள். "பெரிய கம்பெனிக்காரன் செஞ்சது இல்ல மாமா, ஒருத்தர் ரெண்டு பேர் ரூமுக்குள்ள உக்காந்து செஞ்சது. இண்டி கேம்னு பேரு. நான் ரொம்ப ரசிச்சு விளையாடுனது, அவசியம் பாருங்க" என்றீர்கள். பார்த்தோம். தபால் கொண்டுபோகும் நத்தை விளையாட்டு நல்ல விளையாட்டுதான். நத்தை அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். பாழடைந்த வீட்டை ஒரு பேய் பெருக்கித் துடைக்கும் விளையாட்டும் அருமை. "பேய்க்கு இருக்குற பொறுப்புகூட இந்த வீட்டுல சில பேருக்கு இல்ல" என்று உங்கள் அத்தை சொன்னதைத் தவிர அதில் குறையே கிடையாது. மூன்றாவதுதான் மாப்பிள்ளை, குடும்பத்தைக் கெடுத்தது.

ஒரு வாய்க்கால், ரெண்டு வயல், ரெண்டு பேர் விளையாட வேண்டும். மேல் வயல்காரர் கையில் மதகுப் பலகை. அதைத் தூக்கினால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர். கீழே வயல் வெடித்தால் ஒரு வாத்து மேலே நடந்து வந்து கத்தும். அவ்வளவுதான். எங்கேயோ ஒரு பெண் தனியாளாகச் செய்ததாம். எவ்வளவு விடணும், எப்போ விடணும்னு அந்த மகராசி ஒரு சட்டமும் வைக்கவில்லை. நான் முதலில் தொட்டதால் மேல் வயல் எனக்கு விழுந்தது, கீழ் வயல் உங்கள் அத்தைக்கு. யோசிச்சுப் பாருங்க. பிறந்ததிலிருந்து கடைமடை. ஊரெல்லாம் நட்டு முடிச்சு மிச்சம் வர்ற தண்ணிக்கு, தலைமடைக்காரர் துரைராசு வீட்டு வாசல்ல போய் நின்னவன் நான். அப்படிப்பட்டவன் கையில் ஒரு பலகையைக் கொடுத்தால் என்ன ஆகும்? மூடிட்டேன். ஆசையா இருந்துச்சு மாப்பிள்ளை, சத்தியமா சொல்றேன்.

வாத்து வந்து கத்தியது. அதையும் ரசித்தேன். அன்று மதியம் இலையில் வெறும் சோறு. "குழம்பு எங்க?"ன்னேன். "மேல மதகு மூடியிருக்கு"ன்னாள். மறுநாள் தலை முழுக்கச் சோப்பு போட்டுக் கண்ணை மூடியிருந்தபோது குழாய் நின்றுபோனது. மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, "கடைமடைக்குத் தண்ணி வர நேரமாகும், பொறுத்துக்கங்க"ங்கிறா. துரைராசுவை இத்தனை வருசம் நான் என்னென்ன பேசினேனோ, அத்தனையும் ஒரு எழுத்து விடாமல் எனக்கே திருப்பிப் படிக்கிறாள். நியாயம் கேட்கலாம் என்று துரைராசுவிடமே போனேன். அந்த ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க வாங்க, இப்பதான் நம்ம கட்சிக்கு வந்திருக்கீங்க" என்று காபி கொடுத்தார். அவமானம் தாங்காமல் வீட்டுக்கு ஓடி வந்து பலகையை முழுசாகத் தூக்கிவிட்டேன்.

அங்கேதான் வினை. உங்கள் அத்தை மழையை நம்பியே எப்படியோ பயிரைக் காப்பாற்றி, கதிர் முற்றி, அறுப்புக்குத் தயாராக வைத்திருந்தாளாம். நான் தேக்கி வைத்திருந்த தண்ணீர் அத்தனையும் ஒரேயடியாகப் பாய்ந்து, கதிரெல்லாம் சாய்ந்து மூழ்கி, அதன் மேல் வாத்து நீந்துகிறது. "கேட்டப்ப ஒரு சொட்டு விடல. அறுக்குற நேரத்துல வெள்ளத்தத் தொறந்து விட்டுட்டீங்க. இந்த மனுசனுக்கு ரெண்டாந்தரம் கழுத்த நீட்ட எனக்கென்ன பைத்தியமா? திருக்கடையூருக்கு நீங்களே போய் அந்த வாத்துக்குத் தாலி கட்டிக்கங்க"ன்னுட்டா. அதோட பேச்சு நின்னுபோச்சு. பத்திரிகை ஊரெல்லாம் கொடுத்தாச்சு, குருக்களுக்குச் சொல்லியாச்சு, வேன் பேசியாச்சு. மனையில் நான் தனியாக உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும், அதுகூடப் பரவாயில்லை. அவள் பேசாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை, குழம்பு இருந்தாலும்.

ஆகவே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த விளையாட்டை அங்கிருந்தபடியே அழித்துவிடுங்கள். ரெண்டு டேப்லெட்டிலும். மாப்பிள்ளை என்பதால் நாகரிகமாக இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நத்தையும் பேயும் இருக்கட்டும்.

குந்தவைக்கு என் ஆசி. நீங்கள் இருவரும் எந்நாளும் ஒரே வயலில் பயிர் செய்து நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தலைமடைப் பாவி
வைத்தியலிங்கம்

பின்குறிப்பு: அனுப்பத் தைரியம் வராமல் இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திருக்கடையூர் போய் வந்துவிட்டேன். உங்கள் அத்தை வந்தாள். பட்டுப்புடவை கட்டி மனையில் உட்கார்ந்தாள். நான் தாலியைக் கையில் எடுத்ததும் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, "அடுத்த ஆட்டத்துல மேல் வயல் யாருக்கு?"ன்னாள். கெட்டிமேளம் கொட்ட ஆரம்பிச்சாச்சு. "உனக்குத்தான் தாயே, உனக்குத்தான்"னு கத்திக்கொண்டே கட்டிவிட்டேன். ஆகையால் விளையாட்டை அழிக்க வேண்டாம். உலகத்தில் எல்லாரும் விளையாட வேண்டிய விளையாட்டு. துரைராசுவும் கேட்கிறார், அவருக்குக் கீழ் வயல் மட்டும் விழுகிற மாதிரி செய்ய வழியுண்டா என்று விசாரிக்கவும். இப்போது நான் கீழே இருக்கிறேன். நாற்று மஞ்சளாகிறது. வாத்து போய்ப் போய்க் கத்திவிட்டு வருகிறது. "மேல நடவு முடியட்டும்"ங்கிறா. நீங்க சொன்னா கேப்பா மாப்பிள்ளை. ஒரு விரல் அகலம், ஒரே ஒரு விரக்கடை பலகையைத் தூக்கச் சொல்லுங்க.