திட்டி எழுப்பும் கம்பெனி

பதிவு செய்யக் கடைசி நாளும் முடிந்து, கல்லூரி அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் கொட்டாவி கண்ணைத் திறந்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கல்லூரியில் சேர்ந்த புதிதில், முதல்வர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து இவன் ஒரு கொட்டாவி விட்டான். அதைப் பார்த்த முதல்வருக்கும் கொட்டாவி வந்து பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அன்றோடு பழைய பெயருக்கு வேலை போய்விட்டது.

கைப்பேசியில் ஸ்லைடு ஏகப்பட்ட தடவை அழைத்திருந்தாள். அவள் இவனுடைய வகுப்புத் தோழி. யார் எங்கே பேசினாலும் பின்னால் திரையில் ஓடும் படங்களைச் செய்து கொடுப்பவள் என்பதால் அந்தப் பெயர். மாணவர் தொழில் போட்டியில் இருவரும் ஓர் அணியாகச் சேர்வதென்று பேச்சு. இரண்டு பேரும் மாணவர் அட்டையோடு நேரில் வந்தால்தான் பதிவு செய்வார்கள். அதற்குத்தான் காலையிலிருந்து கல்லூரி வாசலில் நின்று அழைத்திருக்கிறாள்.

போர்வைக்குள் இருந்தபடியே அவளைக் கூப்பிட்டான்.

"பதிவு போச்சா?"

"போகல. பண்ணியாச்சு. அதுல உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

"பண்ணியாச்சுல்ல? அது போதும். இந்த மாதிரி சில்லறை வேலையெல்லாம் நீயே பாத்துக்கோ. நான் யோசனை சொல்ற ஆளு."

"சரி, யோசனையைச் சொல்லு."

அதுதான் இல்லை. யோசனை வரும் வரை தூங்கலாம் என்பதே அதுவரை அவனிடம் இருந்த ஒரே திட்டம்.

ஆனால் இந்தப் போட்டியில் அவன் ஜெயித்தே ஆக வேண்டும். அவனுடைய மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு ரொட்டி ஆலை வைத்திருந்தார். சேவல் எழுந்து தொண்டையைச் செருமுவதற்கு முன்னால் அடுப்பு மூட்டும் ஆலை அது. படிப்பு முடிந்ததும் மாப்பிள்ளையை அங்கே அனுப்பிவிடுங்கள் என்று மாமா கேட்க, அப்பாவும் தலையாட்டிவிட்டார். தொழில் போட்டியில் ஜெயித்துக் காட்டினால் மட்டும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். உலகத்தில் யார் யாரோ எதற்கெல்லாமோ போராடுகிறார்கள். கொட்டாவி தன் விடியற்காலைத் தூக்கத்துக்காகப் போராடினான்.

அம்மா துணி மடித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"தொண்டை கிழியக் கத்திட்டு வெளியில போனேன். திரும்பி வந்தும் அதே கோலம். உன்னை எழுப்பறதுக்குக் கூலின்னு ஒண்ணு கொடுத்திருந்தா இந்நேரம் நான் மாடி வீடு கட்டியிருப்பேன்."

அதற்கு மேல் திட்ட நேரமில்லை. தையல் வகுப்புக்குப் போக வேண்டும் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இது இரண்டாவது வருடமாக மாலை நேரத் தையல் வகுப்பு. இன்றுவரை ஒரு கைக்குட்டைகூட வீடு வந்து சேரவில்லை. கொட்டாவியின் நல்ல சட்டையில் நடுப் பொத்தான் விழுந்து மாதக்கணக்காகிறது. கேட்டால், பொத்தான் எல்லாம் கடைசிப் பாடம் என்பாள்.

கதவு சாத்திய சத்தத்தில் கொட்டாவிக்குப் பொறி தட்டியது. எழுப்புவதற்குக் கூலி! ஊரில் எழ முடியாதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். கடிகாரத்தின் தலையில் தட்டினால் அது வாயை மூடிக்கொள்கிறது. அம்மாவின் தலையில் யார் தட்ட முடியும்? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் அன்றைய உறக்கத்தின் மிச்சத்தைத் தியாகம் செய்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

ஸ்லைடுக்கும் யோசனை பிடித்திருந்தது. ஆனால் ஒரு விதியைச் சொல்லி எச்சரித்தாள். பதிவு செய்தவர்களைத் தவிர வெளியாள் யாரும் வேலை செய்யக் கூடாது. பிடிபட்டால் அணியையே தூக்கிவிடுவார்கள். தானாக வந்து ஒப்புக்கொண்டால் வெளியாளை மட்டும் அரங்கத்தை விட்டு அனுப்பிவிட்டு அணியை விட்டுவிடுவார்கள். பதிவு மேசையில் இருக்கும் மூன்றாம் வருட அக்கா இந்த விஷயத்தில் படு கறாராம்.

"அம்மா குரல் மட்டும்தானே. குரல் எப்படி ஆள் ஆகும்?" என்றான் கொட்டாவி.

மறுநாள் அம்மா திட்டத் திட்ட, போர்வைக்குள் கைப்பேசியை ஒளித்து முழுவதையும் பதிவு செய்தான். விடுதி மாணவர்கள் ஒன்பது பேர் வாடிக்கையாளர்களாகச் சேர்ந்தார்கள். விடிந்ததும் ஒன்பது பேருக்கும் அதே குரல் போனது. "எருமை மாடு மாதிரி தூங்கறியே, குளிக்கத் திறந்து விட்ட குழாய்ல வாளி நிரம்பி வழியுது பாரு" என்று அதில் ஒரு வரி. ஒன்பது பேரும் குழாயை மூட ஓடி, குளியலறை வாசலில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். சேவை அமோக வெற்றி. இரண்டாம் நாள் பாதிப்பேர் ஓடினார்கள். மூன்றாம் நாள் எல்லோருக்கும் அது தாலாட்டாகிவிட்டது. ஒருவன் மட்டும் விழித்து, இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சியிருக்கிறான். எதிர்ப்பக்கத்தில் பதில் இல்லாததால் அனுமதி கிடைத்துவிட்டதென்று படுத்துவிட்டான். அவனுக்கு அன்றைக்குப் பரீட்சை.

உயிருள்ள குரல்தான் வேண்டும் என்று முடிவானது. ஸ்லைடு முன்வந்தாள். பாவம், நல்ல பெண், திட்டிப் பழக்கமில்லை. "தொந்தரவுக்கு மன்னிக்கணும், முடிஞ்சா எழுந்திருக்க முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்று ஒன்பது பேரும் அதே மரியாதையோடு சொல்லிவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் கொட்டாவி அம்மாவிடமே போனான். உண்மையைச் சொன்னால் மாமாவரைக்கும் போய்விடும். அதனால், விடுதி நண்பர்கள் தாயைப் பிரிந்து வாடுகிறார்கள், தினமும் காலையில் நாலு வார்த்தை பேசினால் புண்ணியமாகப் போகும் என்று கண் கலங்கச் சொன்னான். அம்மா மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக அம்மா எதற்கும் ஒப்புக்கொண்டதாக வீட்டுச் சரித்திரத்தில் இல்லை. அதைக் கவனிக்கும் அளவுக்கு அவனுக்கு அன்று தூக்கம் தெளியவில்லை.

அம்மா களத்தில் இறங்கியதும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஆளுக்கு ஏற்ற வசவு. சோம்பேறிக்கு ஒன்று, பரீட்சைக்குப் பயந்து படுத்துக்கிடப்பவனுக்கு ஒன்று, காதல் தோல்விக்குத் தனியாக ஒன்று. திட்டி முடித்ததும் "சாப்பிட்டுட்டுப் போ" என்று ஒரு வரி. அந்த வரிக்கே அடிமையானார்கள். விடுதி முழுக்கச் சேர்ந்தது, பிறகு பெண்கள் விடுதி, பிறகு இரண்டு விரிவுரையாளர்கள். எழுந்தவர்களும் விடவில்லை. துணி துவைக்காததற்குத் திட்டச் சொல்லி ஒருவன், கைப்பேசியே கதியென்று கிடப்பதற்குத் திட்டச் சொல்லி ஒருத்தி என்று நாள் முழுக்க அழைப்பு வந்தது.

அம்மா சும்மா இல்லை. யார் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள், புதிதாக வந்தவனுக்கு யார் சொன்னது என்று அவனைத் துருவித் துருவிக் கேட்டாள். தாய்ப்பாசம் என்று நினைத்துக்கொண்டு அவனும் எல்லாவற்றையும் ஒப்பித்தான். "பழைய ஆளைக் கோட்டை விட்டுட்டுப் புது ஆள் பின்னால ஓடாதே" என்றுகூட ஒருமுறை சொன்னாள். அந்த நாட்களில் அவன் விடுதிக்கும் வகுப்புக்கும் நடந்து நடந்து ஆள் சேர்த்தான். செருப்பே தேய்ந்துவிட்டது.

வீட்டில் காலைச் சாப்பாடு நின்றுபோனது. அப்பா ரொட்டியைத் தானே வாட்டி, கரியைச் சுரண்டிச் சாப்பிட்டார். அதுகூடப் பரவாயில்லை. தன்னைத் திட்ட வீட்டில் ஆளே இல்லையென்று அவருக்கு மனசு விட்டுப்போய்விட்டது. இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு அலுவலக எண்ணிலிருந்து, வேறு பெயரில், சந்தா கட்டிச் சேர்ந்தார். முதல் அழைப்பிலேயே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். எடுத்த எடுப்பில், ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டு வந்ததற்குத் திட்டினாள். அப்பா சாயங்காலம் சிரித்த முகமாக வீடு வந்தார்.

அணி இறுதிச் சுற்றுக்குத் தேர்வானது. அங்கேதான் பூதம் கிளம்பியது. அந்தக் குரலை மேடையில் நேரில் கேட்க வேண்டும் என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். கொட்டாவி கண்ணை மூடினால் மாமாவின் ரொட்டி அடுப்பு தெரிந்தது.

"நீ மேடையில வாயை மட்டும் அசை" என்றான் ஸ்லைடிடம். "அம்மா வீட்டுல இருந்து போன்ல பேசட்டும். ஒலிபெருக்கியை மறைச்சு வச்சுடலாம்."

"அதுக்கெல்லாம் அவசியமே இல்லைடா. முதல் நாள்ல இருந்து இதைத்தான் உன்கிட்ட சொல்ல வர்றேன், பதிவு அன்னிக்கு..."

"பதிவுப் பேச்சை இப்ப எடுக்காதே. தலை வலிக்குது, கொஞ்சம் படுக்கறேன்."

படுத்தான்.

இறுதிச் சுற்று அன்று அவனை எழுப்பியது அமைதிதான். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சூரியன் ஜன்னல் வழியாக வந்து முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தது. துள்ளி எழுந்து கூடத்துக்கு ஓடினான். அப்பா கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா எங்கப்பா? என்னை ஏன் யாரும் எழுப்பல?"

"தையல் வகுப்புல ஏதோ கண்காட்சியாம், வெள்ளெனக் கிளம்பிட்டா. உன்னை எழுப்ப நீ சந்தா கட்டினியா?"

பேசி நிற்க நேரமில்லை. நல்ல சட்டையை மாட்டி, பொத்தான் இல்லாத இடத்தில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு ஓடினான். பாதி வழியில் ஊக்கு திறந்து வயிற்றில் குத்தியது. ஊரையே எழுப்பிவிட்டோம், நம்மை எழுப்பிக்கொள்ள மறந்தோமே என்று புலம்பிக்கொண்டே அரங்கத்துக்குள் நுழைந்தவன், கடைசி வரிசையிலேயே உறைந்து நின்றான்.

மேடையில் அம்மா.

இஸ்திரி போட்ட உடை, பக்கத்தில் ஸ்லைடு, கழுத்தில் போட்டியாளர் அட்டை. அவனுக்குப் புரிந்துவிட்டது. தான் வராததால், தனக்கு உரிய அட்டையை ஸ்லைடு அம்மா கழுத்தில் மாட்டி மேடை ஏற்றிவிட்டாள். அடிப் பாவி.

தலைமை நடுவர் காலையிலிருந்து எல்லோருடைய பேச்சுக்கும் கண் அயர்ந்துகொண்டிருந்தாராம். அம்மா ஒலிவாங்கியை அவர் பக்கம் திருப்பினாள்.

"புள்ளைங்க ராத்திரி பகலா உழைச்சுட்டு வந்து நிக்குதுங்க. நீ நாற்காலியில சாஞ்சுகிட்டுக் கண்ணை மூடறியா? எந்திரிச்சு முகத்தைக் கழுவு."

நடுவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். பின்னாலேயே அம்மாவின் குரல் கனிந்தது. "காலையில ஏதாவது சாப்பிட்டியாப்பா?" நடுவர் இல்லையென்று தலையாட்டினார். அவர் கண்ணில் நீர் முட்டியதை முன்வரிசை பார்த்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது. வாடிக்கையாளர்கள் இருந்த பக்கத்திலிருந்து "அம்மா, அம்மா" என்று கூச்சல்.

இத்தனை வருடம் இந்தக் குரலைத் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துத் தடுத்திருக்கிறோமே என்று கொட்டாவி முதல் தடவையாக வெட்கப்பட்டான். பெருமையும் பொங்கியது. கூடவே பயமும் வந்தது. பரிசு கொடுக்கும் நேரத்தில் யாராவது அட்டையைச் சரிபார்த்து, இத்தனை பேர் நடுவில் அம்மாவை இறக்கிவிட்டால்? ரொட்டி ஆலைக்குப் போனாலும் போகலாம், அதைப் பார்க்க முடியாது. முந்திக்கொண்டு ஒப்புக்கொள்வதுதான் வழி.

நேரே பதிவு மேசைக்குப் போனான். கறாரான அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, எங்க அணியில ஒரு வெளியாள் வேலை செஞ்சிருக்காங்க. மேடையில இருக்கறது எங்க அம்மா. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஏமாத்திக் கூட்டிட்டு வந்தது நான்தான். தானா ஒத்துக்கிட்டா வெளியாளை மட்டும் அனுப்பிட்டு அணியை விட்டுடுவீங்கல்ல? பேர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பாதீங்கக்கா, நானே மெதுவா கூட்டிட்டுப் போயிடறேன்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வயிற்றில் திறந்து கிடந்த ஊக்கைப் பார்த்தாள். எழுந்து வந்து, அவன் முழங்கையைப் பிடித்துப் பக்குவமாக வாசல் பக்கம் திருப்பினாள்.

"அவங்க நம்ம மாலைக் கல்லூரியில வணிகவியல் ரெண்டாம் வருஷம், இந்த அணிக்குத் தலைவியே அவங்கதான், பதிவு அன்னிக்கு 'என் பையன் எந்திரிக்கல, அவனுக்குப் பதிலா நான் சேர்ந்துக்கறேன்'னு அட்டையை நீட்டினாங்க, அதனால உங்க அணியில இருக்கற ஒரே வெளியாள் நீங்கதான் தம்பி."