குழைக்காதன் வளையில் சத்தம் நின்ற கதை

ஒரு காட்டில், மின்கம்பம் நட்டு எல்லாப் பொந்துகளுக்கும் வளைகளுக்கும் கரண்ட் கொடுத்து முடித்திருந்த காலத்தில், குழைக்காதன் என்று ஒரு முயல் இருந்தது. அதற்கு ஒலிப்பதிவுத் தொழில். பறவைகள் அதன் வளைக்கு வந்து மைக் முன்னால் நின்று பாடிவிட்டுப் போகும். முயல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இருமலையும் சிறகடிப்பையும் வெட்டி எடுத்து, பாட்டை மட்டும் துடைத்துக் கொடுக்கும். காதுக்குத் தகுந்த வேலை என்று காட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

அதன் வாடிக்கையாளர்களில் முக்கியமானது சுயம்புலிங்கம் என்ற குயில். ஒவ்வொரு வருஷமும் வேனில் தொடங்கும்போது காட்டு வானொலியில் முதலில் ஒலிக்கிற பாட்டு அதனுடையதுதான். அந்த வருஷமும் பாடிக் கொடுத்தது. முயல் வெட்டி ஒட்டிப் போட்டுக் காட்டியதும் குயில் தலையைச் சாய்த்து இரண்டு தடவை கேட்டது.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. கூடவே ஒரு வண்டு பாடுதே, அது யாரு?"

முயல் வண்டெல்லாம் யாரும் வரவில்லை என்றது. குயில் வாதாடவில்லை. அடுத்த காட்டில் ஒரு கீரிப்பிள்ளை புதிதாக ஒலிப்பதிவுக்கூடம் திறந்திருப்பதாகவும், அங்கே வண்டுகள் நுழைவதில்லை என்று கேள்விப்பட்டதாகவும், இருந்தாலும் பழகிய இடம் என்பதால் வெள்ளிக்கிழமை வரை பொறுத்துப் பார்ப்பதாகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பறந்து போனது.

குயில் போனால் மைனாக்கள் போகும், மைனாக்கள் போனால் மிஞ்சுவது காக்கைகள்தான். அவை பதிவு செய்ததைத் திரும்பக் கேட்பதுகூட இல்லை.

உடனே முயல் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சத்தத்தைத் தேடியது. ஒரு புல்தண்டால் ஃபேன் ஒவ்வொன்றையும் லேசாக நிறுத்திப் பார்த்தது. பிராசஸர் மேலே இருந்த ஃபேனை நிறுத்தியும் 'உர்ர்ர்' போகவில்லை. பின்பக்க ஃபேனை நிறுத்தியும் போகவில்லை. கடைசியில் அடித்தட்டில் இருந்த இரும்புப் பெட்டியின் மேல் காதை வைத்தது. காது முடியெல்லாம் அதிர்ந்தது. கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பங்கு வைக்கிற பவர் சப்ளை அது. கம்ப்யூட்டர் கூடான கேபினெட்டை வாங்கியபோது கூடவே இலவசமாக வந்தது. இலவசமாக வந்தாலும், உழைக்காமல் இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதுபோல் அது நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் முயல் அருவிக்குப் போகும் பாதையில் இருக்கும் மரியசெல்வம் கரடியின் கடைக்குப் போனது. கம்ப்யூட்டர் சாமான் விற்க அந்தக் காட்டில் அந்த ஒரு கடைதான். வாசலில் வரிசை நின்றது. முன்னால் ஒரு காட்டுப்பூனை மவுஸைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்கப் பதுங்கி நின்றும் அது ஓடவேயில்லை என்பது புகார். கரடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஓடுகிற மாதிரி எதுவும் இப்போது ஸ்டாக் இல்லை என்று சொல்லி அனுப்பியது.

வரிசையில் பின்னால் நின்ற காட்டுப்பன்றி, முயல் என்ன வாங்க வந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டு, வாங்குவதென்றால் ஆயிரம் வாட் வாங்க வேண்டும் என்று சொன்னது. தன்னிடம் ஆயிரம் வாட் இருக்கிறதாம். எதற்கு என்று முயல் கேட்டது. இருக்கட்டும் என்றுதான் என்றது காட்டுப்பன்றி.

கரடி அப்படிச் சொல்லவில்லை. முதலில் முயலின் மிஷினுக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. பெரிய கிராபிக்ஸ் கார்டு கிடையாது, விளையாட்டு கிடையாது, பாட்டு மட்டும்தான் என்று தெரிந்ததும் கண்ணை மூடிக் கணக்குப் போட்டது. மூச்சு முட்ட ஓடினாலும் அந்த மிஷின் முந்நூறு வாட்டைத் தாண்டாது, ஐந்நூற்றைம்பது வாட் பெட்டி எடுத்தால் பாதி பலத்திலேயே வேலை முடிந்துவிடும், அலட்டிக்கொள்ளாத பெட்டி சூடாகாது, சூடாகாத பெட்டிக்கு ஃபேன் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று விளக்கியது. பிறகு மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி முயலின் கையில் கொடுத்தது. நல்ல கனம். உள்ளே பெரிய ஃபேன், வேலை குறைவாக இருந்தால் சுற்றாமல் சும்மா நிற்கும் என்றது. ஒரு வயர்கூட அதிலிருந்து தொங்கவில்லை. வெறும் துளைகள்தான் இருந்தன.

"இதுக்குப் பேரு மாடுலர்" என்றது கரடி. "வேணுங்கிற வயரை மட்டும் மாட்டிக்கோ. மிச்சத்தைப் பையில போட்டு வச்சிரு. உள்ளே காத்து போக வழி கிடைக்கும்."

முயல் தலையாட்டியது. கரடி அதன் தோளைப் பிடித்து நிறுத்தி இன்னொன்றும் சொன்னது. பழைய பெட்டியின் வயர் ஒன்றைக்கூட இதில் மாட்டக்கூடாது. முனை பொருந்துகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மாறி ஓடினால் ஹார்ட் டிஸ்க் கருகிவிடும், கருகியது திரும்ப வராது.

முயல் வளைக்கு வந்து, பழையதை வயரோடு பிடுங்கி எடுத்தது. புதியதை நான்கு திருகாணி போட்டு இறுக்கி, தேவையான வயர்களை மட்டும் மாட்டி, அவற்றையும் பின்பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டி, ஸ்விட்சைப் போட்டது. எதுவும் கேட்கவில்லை. ஓடவில்லை போலிருக்கிறது என்று அணைத்துவிட்டு மறுபடி போட்டது. அப்புறம்தான் திரையில் படம் வந்திருப்பதைப் பார்த்தது. வெளியே ஒரு சருகு தரையில் விழுந்த சத்தம் கேட்டது. தன் வீடு இவ்வளவு பெரியது என்று முயலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

குயில் மறுபடி வந்து பாடியது. போட்டுக் காட்டியபோது கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டுவிட்டு, "இப்பத்தான் நான் மட்டும் பாடுறேன்" என்றது. வெள்ளிக்கிழமை வானொலியில் பாட்டு வந்தது. மைனாக்கள் வரிசை கட்டின.

இங்கேயே கதை முடிந்திருந்தால், ஆராய்ந்து வாங்குபவன் வாழ்வான் என்று ஒரு நீதியை எழுதிவிட்டு நாம் எல்லோரும் சாப்பிடப் போயிருக்கலாம். ஆனால் பழைய பவர் சப்ளை, யாரும் சொல்லாமலே இன்னொரு வேலையும் பார்த்துவந்திருக்கிறது. அந்த வளைக்குள்ளிருந்து நாள் முழுக்க உறுமல் வந்ததால், உள்ளே முன்கோபம் பிடித்த சிறுத்தை ஒன்று குடியிருப்பதாகக் காட்டில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். அப்படி நினைத்து ஒதுங்கிப் போனவர்களில் வெயிலுமுத்து என்ற நரியும் ஒன்று. சில நாளாக உறுமல் இல்லை என்பதைக் கவனித்த நரி, சிறுத்தை வீட்டைக் காலி செய்துவிட்டது என்று முடிவுகட்டி, இடம் எப்படி என்று பார்த்துப்போக ஒரு மத்தியானம் வந்தது. வாசலிலேயே முயல் வாடை அடித்தது. இடத்தோடு சாப்பாடும் இருக்கிறது என்று நரிக்குச் சந்தோஷம்.

வளை அமைதியாக இருந்ததால் முயலுக்கு நரியின் காலடி முன்கூட்டியே கேட்டுவிட்டது. சுவரில் இருந்த குறுகிய கிளைவளைக்குள் புகுந்துகொண்டது. நரியின் மூக்கு மட்டும்தான் அதில் நுழையும்.

நரி உள்ளே வந்து முகர்ந்தது. மேஜையில் விளக்கெரிந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பக்கத்தில் போய்க் காதை வைத்தது. சத்தமே வரவில்லை. வந்த வேலை அதற்கு மறந்தே போனது. போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டது.

நரிக்கும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. குட்டி நரிகளுக்கு ஆன்லைனில் ஊளை வகுப்பு எடுத்துவந்தது. ஊளையோடு ஏதோ இரைச்சலும் வருகிறது, இரைச்சலையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதனால் அதுவும் முந்தின நாள்தான் கரடி கடையில் இதே மாதிரி ஒரு பெட்டி வாங்கியிருக்கிறது. வாங்கும்போது கரடி ஏதோ சொல்ல வந்ததாம், நரிக்கு நின்று கேட்கப் பொறுமை இல்லையாம். இதையெல்லாம் அது மச்சானிடம் சொல்லிக்கொண்டே போனது. "பழைய வயரை எல்லாம் உருவுறது பெரிய வேலை மாப்ளே. பெட்டியை மட்டும் மாத்திட்டு அந்த வயரையே சொருகிரலாம்னு இருக்கேன். கச்சிதமாப் பொருந்துது."

முயல் முன்னங்கால்களால் தன் வாயைப் பொத்திக்கொண்டது. சொருகட்டும், கருகட்டும், காட்டில் ஒரு நரிக்காவது வேலை கெடட்டும் என்று நினைத்துக்கொண்டது. அது நல்ல முடிவுதான். ஆனால் நரி தொடர்ந்து பேசியது. அதன் அப்பா போட்ட ஊளைகள் எல்லாம் அந்த டிஸ்கில்தான் இருக்கிறதாம். வேறு எங்கேயும் பிரதி கிடையாதாம்.

ஒலிப்பதிவுக்காரனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, அந்த வயரை மட்டும் மாட்டிராதீங்க" என்றது சுவருக்குள்ளிருந்து.

நரி திரும்பியது. அப்புறம் பேசுவதாக மச்சானிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தது. ஏன் மாட்டக்கூடாது என்று மெதுவாகக் கேட்டது. முயல் சொல்ல ஆரம்பித்தது. வெறும் வாயால் சொன்னால் விளங்காது என்பதால் காட்டிச் சொல்ல வெளியே வந்தது. பையிலிருந்த மிச்ச வயரையும் பழைய வயரையும் நரியின் மூக்குக்கு நேரே பிடித்து, எந்தக் கம்பி எங்கே மாறுகிறது, எது கருகும் என்று விவரமாக விளக்கி முடித்தது. முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்கு உறைத்தது. அதே நேரத்தில் நரிக்கும் உறைத்தது.

"நீ சொன்னது பெரிய உதவி தம்பி" என்றது நரி. மனசாரத்தான் சொன்னது. "உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா காலையிலேருந்து நான் இன்னும் சாப்பிடலை."

முயலுக்கு வாய் மட்டும் வேலை செய்தது. "சாப்பிடுங்கண்ணே. ஆனா பவர் சப்ளை அடங்கினதும் கேபினெட் ஃபேன் கேட்க ஆரம்பிக்கும். அதுக்கு யார்கிட்டே போவீங்க?"

தன் மிஷினில் அப்படிச் சத்தம் எதுவும் இல்லை என்றது நரி. இருக்கிறது, பெரிய சத்தம் அதை மூடி வைத்திருக்கிறது என்றது முயல். நரி யோசித்தது. சாப்பாடு எங்கும் போகாது, பார்த்துவிட்டே சாப்பிடலாம் என்று முயலைத் தன் குகைக்குக் கூட்டிக்கொண்டு போனது.

முயல் சொன்னபடியே ஆனது. புதிய பவர் சப்ளை அதற்குரிய வயர்களோடு வாயைத் திறக்காமல் உட்கார்ந்தது. உடனே கேபினெட் ஃபேன் கேட்டது. அதை மாற்றினார்கள். ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்றது. அப்பாவின் ஊளைகளைச் சுழலாத டிஸ்க் ஒன்றுக்கு மாற்றினார்கள். இப்போது மானிட்டர் சன்னமாக முனகியது. அப்புறம் சுவர்க் கடிகாரம். ஒவ்வொரு தடவையும் நரி முயலையும் இழுத்துக்கொண்டு கரடி கடைக்கு ஓடியது. வேட்டைக்கு நேரமில்லாததால் போகிற வழியில் நண்டையும் நாவல் பழத்தையும் தின்றுகொண்டது. வகுப்பில் மாணவர்கள் கூடினார்கள். குருநாதர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது என்று மற்றக் காடுகளிலும் பேச்சு பரவியது.

ஒருநாள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, எதிலிருந்தும் சத்தம் வரவில்லை. நரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முயல் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கமாக மெதுவாக நகர்ந்தது.

'குர்ர்ர்' என்று கேட்டது.

நரி கண்ணைத் திறந்தது. கேபினெட்டில் காதை வைத்தது, மேஜையில் வைத்தது, சுவரில் வைத்தது. முயலுக்கு அது என்ன என்று முதலிலேயே தெரிந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. கடைசியில் நரி தன் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தது. பிறகு முயலைப் பார்த்தது.

"தம்பி, எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். இதை எப்படி நிறுத்துறது?"

நரி உண்மையிலேயே யோசனைதான் கேட்டது. ஆனால் விடை அதன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டு வருவதை முயல் பார்த்தது.

"அதை நிறுத்த முடியாதுண்ணே" என்றது முயல். "கம்பெனியிலேயே அப்படித்தான் வருது. மறைக்க வேணும்னா மறைக்கலாம்."

இரண்டும் கரடி கடைக்குப் போயின. மாவு மில் மாதிரி இரைகிறது என்று யாரும் வாங்காமல் கிடந்த, கலர் லைட் போட்ட ராட்சச ஃபேன் ஒன்றைக் கரடி தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது. நரியின் கேபினெட்டில் அதை மாட்டி ஓடவிட்டார்கள். குகையே அதிர்ந்தது. நரி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது, காதைத் தீட்டிக் கேட்டது. ஒன்றும் கேட்கவில்லை. அதன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. பசி போய்விட்டது என்று சொல்லி முயலின் கையைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த நரி முயலைத் தின்ன நினைக்கவில்லை. ஊளை வகுப்பு நேரத்தில் மட்டும் ஃபேனை நிறுத்திவைக்கும். அப்போது கேட்கிற குர்ர்ரை மேல்வகுப்புப் பாடம் என்று மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். முயலும் அடிக்கடி நரி வீட்டுக்குப் போய் உரிமையோடு உட்கார்ந்து பேசிவிட்டு வரும். போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்று, உள்ளே ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளும்.

நீதி: நரியோடு நட்பாக இருக்க அதன் பசியைத் தீர்க்க வேண்டியதில்லை, பசி அதன் காதில் விழாத மாதிரி ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தால் போதும். வாரண்டி எதுவரைக்கும் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளவும்.