ஒரு போல்ட் கூட மாற்றாத கார்

"அப்பா அடுத்த ஞாயித்துக்கிழம வரலையாம்," என்று கராஜ் கதவைத் திறந்துகொண்டு டுவேனின் மனைவி மார்லா சொன்னாள்.

டுவேனுக்குப் போன உயிர் வந்தது. "அப்பாடா!"

"இன்னிக்கே வர்றாராம். அவங்க சர்ச் முடிஞ்சதும் நேரா இங்க சாப்பாடு. அக்கா வீட்டுக்காரரும் வர்றாரு."

வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது.

டுவேன் திரும்பிக் காரைப் பார்த்தான். பானெட் திறந்திருந்தது. எஞ்சினின் இரண்டு பக்கமும் மூடி போல உட்கார்ந்திருந்த புத்தம்புது அலுமினிய சிலிண்டர் ஹெட்டுகள், தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் போலப் பளபளத்தன. கண் தெரியாதவன்கூட அதைப் பார்த்துக் கண் கூசிப் போவான்.

அது அறுபத்தெட்டாம் வருஷத்து பான்டியாக். மார்லாவின் தாத்தா புதிதாக வாங்கித் தன் மாப்பிள்ளைக்கு, அதாவது மார்லாவின் அப்பா ஹார்லனுக்குக் கொடுத்தது. ஹார்லனுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். இரண்டு வருஷமாக வண்டி டுவேனின் கராஜில் நின்றாலும் பத்திரம் ஹார்லன் பெயரில்தான் இருந்தது. வண்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டால் டுவேனுக்கு, இல்லையென்றால் சகலை லோவெலுக்கு. லோவெல் பல் டாக்டர். வண்டி கிடைத்தால் தன் கிளினிக் வரவேற்பறையில் கயிறு கட்டி நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருந்தான். அதைக் கேட்ட அன்றைக்கு டுவேனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் நன்றியறிதல் நாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே ஹார்லன் ஒரே வசனத்தைச் சொல்வார். "என் மாமனார் குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஒரு போல்ட் கூட மாத்தல. மாத்துறவன் எனக்கு மாப்பிள்ளையே இல்ல." கையில் கத்தியும் இருப்பதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

டுவேனும் மாற்றியிருக்க மாட்டான். ஆனால் போன மாதம் நெடுஞ்சாலை ஏற்றத்தில் பள்ளிக்கூட வேன் ஒன்று அவனை முந்திக்கொண்டு போனது. பின் கண்ணாடி வழியாக ஒரு குழந்தை டாட்டா காட்டியது. அதுவும் பரிதாபப்பட்டுக் காட்டியது. மறுநாளே வேகம் கூட்டும் வெளிக் கம்பெனி ஹெட்டுகளுக்கு ஆர்டர் போட்டுவிட்டான்.

பக்கத்து வீட்டு மெர்ல்தான் கூட இருந்து மாட்டிக்கொடுத்தான். பழைய இரும்பு ஹெட்டைக் கழற்றும்போது அவனுக்கு ஒரே ஆச்சரியம்.

"என்னடா டுவேன், இந்த நீலப் பெயிண்ட்ல பிரஷ் கோடு தெரியுது? கம்பெனியில ஸ்பிரேதானே அடிப்பாங்க?"

"அந்தக் காலத்து ஆளுங்கடா. எதையும் கையாலதான் செஞ்சாங்க," என்றான் டுவேன் பெருமையாக.

இப்போது பெருமைக்கு நேரமில்லை. டுவேன் அலமாரியிலிருந்து எஞ்சின் நீலப் பெயிண்ட் டப்பாவை எடுத்தான்.

"நீலமா பூசிட்டா பழைய ஹெட்டுன்னு நெனச்சுக்குவார்."

"அலுமினியத்துல பெயிண்ட் ஒட்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மொதல்ல பிரைமர் அடிக்கணும்னு?"

"பிரைமர் காய ஒரு நாள் ஆகும். உங்கப்பா காய விடுவாரா?"

பாதி பூசும்போது டப்பா சரிந்தது. விழாமல் பிடித்தான். டப்பா தப்பியது. வலது கைதான் மணிக்கட்டு வரை நீலமானது. தின்னர் ஊற்றித் தேய்த்தான். நீலம் போகவில்லை, பிசுபிசுவென்று முழங்கை வரைக்கும் பரவியது.

"அத விடுங்க. பெயிண்ட் காயவே இல்ல பாருங்க," என்றாள் மார்லா.

"உன் ஹேர் டிரையரக் கொண்டா."

ஹேர் டிரையர் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் கராஜின் மூலையில் படுக்கை போட்டிருந்த பிஸ்கட் என்ற அவர்கள் நாய்க்கு இது முடி உதிர்க்கும் காலம். அடித்த காற்றில் படுக்கையில் கிடந்த முடி முழுவதும் எழும்பிப் பறந்து ஈரப் பெயிண்டில் வந்து இறங்கியது. டுவேன் டிரையரை அணைத்தபோது எஞ்சினுக்கு ஒரு பக்கம் தாடி முளைத்திருந்தது.

"எஞ்சின ஓட்டிச் சூடேத்தினா காஞ்சிடும்," என்றான்.

ஓட்டினான். காயவில்லை, புகைந்தது. நீலப் பெயிண்டும் நாய் முடியும் சேர்ந்து கருகும் நாற்றம் சமையலறைக்குள் புகுந்த அதே நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது.

"என்ன நாத்தம் இது?" என்று கேட்டுக்கொண்டே ஹார்லன் உள்ளே வந்தார்.

டுவேன் மனைவியைப் பார்த்தான். கெஞ்சினான் என்றே சொல்ல வேண்டும்.

"அடுப்புல வச்ச ஹாம் கறி தீஞ்சிடுச்சுப்பா," என்றாள் மார்லா பல்லைக் கடித்துக்கொண்டு. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் எதையும் தீய விட்டதில்லை. இந்தப் பழியை அவள் சும்மா விடமாட்டாள் என்று டுவேனுக்குத் தெரியும்.

"என்ன மாப்ளே, சௌக்கியமா?" ஹார்லன் கையை நீட்டினார்.

டுவேன் இடது கையைக் கொடுத்தான். அவசரமாக மாட்டிய முழுக்கைச் சட்டையோடு வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"கைக்கு என்ன சகலை?" லோவெல் மூக்கை நுழைத்தான்.

"சுளுக்கு."

"காட்டுங்க, பாக்கறேன். நானும் டாக்டர்தானே."

"பல்லு சுளுக்கிச்சுன்னா கூப்பிடறேன்."

சாப்பாட்டு மேஜையில்தான் அடுத்த கண்டம். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் கைகோத்து ஜெபம் செய்த பிறகுதான் ஒரு உருளைக்கிழங்கைக்கூடத் தொடுவார்கள். டுவேனின் இடப்பக்கம் மார்லா, வலப்பக்கம் மாமியார் லொரேன். லொரேன் அதிகம் பேச மாட்டார். ஹார்லனோடு வாழ்ந்ததில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

"எல்லாரும் கையப் புடிச்சாச்சா?" ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டார்.

லொரேனின் கை டுவேனின் பக்கம் நீண்டு காத்திருந்தது. வேறு வழியில்லை. மேஜைக்குக் கீழே பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் கொடுத்தான். ஹார்லன் மழைக்கும் மிஷனரிகளுக்கும் நன்றி சொல்லி, 'வாக்குத் தவறாத மாப்பிள்ளைகளை' ஆசீர்வதிக்கும்படி கேட்டுக்கொண்டார். டுவேனும் ஆமென் சொன்னான். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

லொரேன் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். நீலமாக இருந்தது. மருமகனை ஒரு முறை பார்த்தார். அந்தக் கையை ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, இடது கையால் பீன்ஸ் பரிமாறிக்கொண்டார்.

சாப்பிட்டதும் ஹார்லன் எழுந்தார். "வாங்க, வண்டியப் பாக்கலாம்."

கராஜுக்குப் பத்தடிதான். டுவேன் அதைத் தூக்குமேடைக்குப் போகிறவன் போல நடந்தான். லோவெல் முன்னால் ஓடிப்போய் பானெட்டைத் தூக்கிவிட்டான்.

"மாமா, எஞ்சின்ல முடி இருக்கு!"

"எலி," என்றான் டுவேன். "எலித் தொல்ல ஜாஸ்தி."

"ஸ்டார்ட் பண்ணு மாப்ளே."

டுவேன் சாவியைத் திருப்பினான். பழைய வண்டி இருமிக்கொண்டே எழுந்திருக்கும். இது ஒரே உறுமலில் எழுந்து கராஜ் ஜன்னலை நடுங்க வைத்தது.

ஹார்லன் கண்ணை மூடித் தலையாட்டினார். "கேட்டியா லோவெல்? இதுதான் கம்பெனிச் சத்தம். இப்பல்லாம் யாரு இப்படிச் செய்யறா?"

எஞ்சினை அணைக்கச் சொன்னார். குனிந்தார். கன்றுக்குட்டியைத் தடவுவது போல ஹெட்டின் மேல் கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

இழுத்த இடத்தில் பெயிண்ட் தோல் போல உரிந்து வந்தது. அடியில் அலுமினியம் பளிச்சென்று சிரித்தது.

ஹார்லன் நிமிர்ந்தார். தன் கையைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. டுவேனின் பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தன் கையைப் பார்த்தார்.

டுவேனால் தாங்க முடியவில்லை. "மாமா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாத."

"இல்ல மாமா, அந்த ஹெட்டு..."

"சொல்லாதன்னேன்ல!"

"என்ன மாமா, என்ன ஆச்சு?" லோவெல் எட்டிப் பார்க்க வந்தான். ஹார்லன் பானெட்டைப் படாரென்று மூடினார். நீலக் கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகல. ஒரு போல்ட் கூட மாத்தல. வண்டி டுவேனுக்குத்தான். நாளைக்கே போய்ப் பத்திரத்த மாத்திடலாம்."

"அந்த முடி?"

"எலின்னு சொன்னான்ல!"

லோவெலுக்கும் புரியவில்லை, டுவேனுக்கும் புரியவில்லை. கராஜ் வாசலில் நின்றிருந்த லொரேன்தான் ஸ்வெட்டர் பாக்கெட்டிலிருந்து தன் நீலக் கையை எடுத்து, காகிதத் துண்டால் நிதானமாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏங்க, எங்கப்பா தான் குடுத்த வண்டியப் பாக்க வந்த அன்னிக்கும் நீங்க இப்படித்தான், சாயங்காலம் வரைக்கும் கையப் பாக்கெட்ட விட்டு எடுக்கவே இல்ல."