வைராவின் முதல் முடி

சதுக்கத்தில் பஸ் மூன்றாவது தடவையாக ஹாரன் அடித்தது. எசேகியேல் போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு, உயிர் ஊசலாடுகிறவன் மாதிரி முனகினான்.

"டேய், நடிக்காத. எந்திரி," என்றாள் மிலாக்ரோஸ். முதுகில் ஒரு மூட்டை, கையில் ஒரு மூட்டை, காலில் மட்டும் ஒரே ஒரு ஷூ. "நேத்து ரெண்டு தட்டு வறுத்த மீனை முள்ளோட முழுங்கினவன் நீ."

"மூச்சு விட முடியல மிலி. இந்த உயரம் எனக்கு ஒத்துக்கல."

"பொட்டோசி இதைவிட உசரம்டா. அங்க மட்டும் ஒத்துக்கிச்சா?"

கஸ்தோன் வாசலில் சாய்ந்து நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தான். "அங்க டிக்கெட் கிழிக்கிற பொண்ணு மூணு நாள்ல இவனைத் திட்டி அனுப்பிட்டாளே. அதுக்கப்புறம் உயரம் தானா ஒத்துக்கிச்சு," என்றான்.

மூன்று பேரும் அர்ஜென்டினாவில் ரொசாரியோக்காரர்கள். கோடை விடுமுறைக்கு ஆளுக்கொரு முதுகுப்பையோடு கிளம்பி, சால்டா, பொட்டோசி, லா பாஸ் என்று ஊர் ஊராக ஏறி, குஸ்கோவுக்குப் போகிற வழியில் எங்கள் சான் புரூனோவில் ஒரு ராத்திரி தங்க இறங்கினார்கள். அந்த ஒரு ராத்திரி இப்போது நாலாவது நாளில் வந்து நிற்கிறது.

எசேகியேலுக்குத் தொழில் முடி வெட்டுவது. பொழுதுபோக்கு காதலிப்பது. சால்டாவில் எம்பனாதா பலகாரம் விற்கிற பெண், பொட்டோசியில் டிக்கெட் கிழிக்கிற பெண் என்று ஊருக்கு ஒன்று வைத்திருந்தான். பஸ் கிளம்பினால் காதலும் கிளம்பிவிடும். ஆனால் நியேவெஸ் விஷயம் அப்படியில்லை.

நியேவெஸ் இந்த விடுதியின் சொந்தக்காரி. முப்பது வயது. புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, வைரா என்று ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. இவர்கள் வந்து இறங்கியபோது அவள் தகரக் கூரை மேல் ஸ்பானரோடு தண்ணீர்த் தொட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "பார்த்துக்கிட்டே நிக்கிறீங்களே, ஏணியைப் பிடிங்க!" என்று அங்கிருந்தே ஒரு அதட்டல். எசேகியேல் ஒரு மணி நேரம் ஏணியைப் பிடித்தான். இறங்கி வந்தவள் மூக்கில் கிரீஸ் கோடு. அவன் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். என்ன ஜோக் என்று அவனுக்கே ஞாபகமில்லை. அந்தச் சிரிப்பை ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. இந்தத் தடவை உண்மையாகவே விழுந்துவிட்டான், பாவம்.

நியேவெஸ் கோகா இலைத் தேநீரோடு உள்ளே வந்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். நாலு இலையை ஈரமாக்கி நெற்றியில் பட்டுப் பட்டென்று ஒட்டினாள். எசேகியேலுக்குச் சொர்க்கம்.

"உயரம் ஒத்துக்கலைன்னா ஒரே மருந்துதான், கீழ இறங்கிடணும்," என்றாள். "பதினோரு மணிக்கு உருளைக்கிழங்கு லாரி போகுது. டிரைவர்கிட்ட சொல்லிட்டேன். மூட்டை மேல படுத்துக்கிட்டே போயிடலாம்."

எசேகியேல் இலை உதிர எழுந்து உட்கார்ந்தான். "சரியாயிடுச்சுங்க!"

"அதுக்குள்ளயா?"

"உங்க கைராசி."

"சரியாயிடுச்சுன்னா பஸ்ஸே நிக்குதேடா," என்றான் கஸ்தோன், வாயில் ரொட்டியோடு. நல்ல நண்பன்!

எசேகியேல் அவனை முறைத்தான். மூளை என்று ஒன்று இருந்தால் அது அப்போது யோசித்திருக்கும். வாய்தான் முந்திக்கொண்டது. "இந்த ஊரு சோத்தைத் தின்னுட்டு ஊருக்கு ஒண்ணும் செய்யாமப் போறதா? எல்லாருக்கும் முடி வெட்டி விட்டுட்டுத்தான் கிளம்புவேன். சும்மா. ஒரு காசு வேண்டாம்."

பஸ் போய்விட்டது. மிலாக்ரோஸ் மறு ஷூவைச் சுவரில் எறிந்தாள்.

எங்கள் ஊரில் முடிவெட்டுக் கடை கிடையாது. ஆட்டு ரோமம் வெட்டும் கத்திரியை வைத்துப் பெண்டாட்டிகள் வெட்டி விடுவதுதான் வழக்கம். அவர்களுக்கு அன்றைக்குக் கோபம் இருந்தால் அது தலையில் தெரியும். சும்மா வெட்டுகிறான் என்றதும் வரிசை கோயிலைச் சுற்றிக்கொண்டு போனது. அன்று மாலைக்குள் நாற்பத்துமூன்று தலை. மறுநாள் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். ஒரு அம்மாள் தான் வளர்க்கும் நீண்ட கழுத்து லாமா மிருகத்தையே இழுத்து வந்துவிட்டாள். நியேவெஸோடு பேசலாம் என்று இருந்தவனுக்கு, "இன்னும் ஒன்பது பேரு வந்துட்டாங்க" என்று அவள் வாசலிலிருந்து சொல்கிற குரல்தான் மிச்சம்.

முடி வெட்ட ஆரம்பித்த மூன்றாம் நாள் சாயங்காலம் விரலை வெந்நீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நியேவெஸ் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எசேகியேல், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மறுக்கக் கூடாது."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கேளுங்க."

"ஞாயித்துக்கிழமை வைராவுக்கு முதல் முடி எடுக்கிறோம். ஞானத்தகப்பன் வேணும். முதல் கொத்தை வெட்டுறது அவருதான். வேற யாரோ எதுக்கு, நீங்க எங்க வீட்டு மனுஷன் மாதிரி ஆயிட்டீங்க."

வீட்டு மனுஷன்! அவன் தண்ணீரைத் தட்டிவிட்டு எழுந்தான். "சந்தோஷமாப் பண்றேன்!"

ரொசாரியோவில் ஞானத்தகப்பன் என்றால் பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கித் தருகிறவர், அவ்வளவுதான். பெண்ணின் மனசுக்குப் போக அவள் குழந்தை வழியாகப் போவதைவிடக் குறுக்கு வழி உண்டா என்று அவன் கணக்குப் போட்டான். அன்று மாலை முழுக்க மிலாக்ரோஸிடம் கல்யாணத்துக்கு என்ன சட்டை போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தான்.

"ஒரு சந்தேகம்டா," என்றான் கஸ்தோன். "முதல் முடின்னா பொறந்ததுல இருந்து வெட்டாத முடிதானே? அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கழுத்து வரைக்கும்தானே இருக்கு?"

எசேகியேலும் கவனித்திருந்தான். நுனியெல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே நேர்கோடு. பத்து வருஷமாகக் கத்திரி பிடிப்பவன், அந்த மாதிரி நுனி எதனால் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். அதை நியேவெஸிடமும் கேட்டுப் பார்த்தான்.

"குளிரு. இந்த மலையில முடி மெதுவாத்தான் வளரும்," என்றாள் அவள், கண்ணைப் பார்த்து.

அவனும் கஸ்தோனிடம் அதையே சொன்னான். "குளிருடா. இயற்கையோட அற்புதம்." காதல் வந்தவனுக்குக் கண் தெரியாது என்பார்கள். இவனுக்குத் தொழிலும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைய ஆள். வறுத்த பன்றி, சோளம், பீர் பெட்டிகள், கொழுப்பு வழியும் தாடையோடு சிரித்துக்கொண்டு பாதிரியார். மூலையில் பாண்டு வாத்தியக் கோஷ்டி: வார்த்தையின் வாலையெல்லாம் விழுங்கிப் பேசும் சிலிநாட்டு ட்ரம்பெட்காரர் ஒருவர், கக்கத்தில் மாத்தே பானத்துக்கான பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டே மேளம் அடிக்கும் உருகுவேக்காரர் ஒருவர், யார் இடித்தாலும் தானே மன்னிப்புக் கேட்கும் கொலம்பியாக்காரர் ஒருவர் புல்லாங்குழலோடு. நாலாவது நாற்காலியில் ஒரு ஜோடி பித்தளைத் தாளம் ஆளில்லாமல் கிடந்தது.

"நீங்கல்லாம் இந்த ஊரு இல்லையா அண்ணே?" என்றான் எசேகியேல்.

"வெளியூருதான் தம்பி. வருஷா வருஷம் வந்துடுவோம்," என்றார் ட்ரம்பெட்காரர். அவனை மேலும் கீழும் பார்த்தார். "சாப்பிட்டியா? நல்லாச் சாப்பிடு."

வைராவின் முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கலர் ரிப்பன் கட்டியிருந்தார்கள். எசேகியேல் சிவப்பு ரிப்பன் கொத்தை வெட்டித் தட்டில் வைத்தான். பெண்கள் கூவினார்கள். அவன் தலையில் வண்ணக் காகிதத் துணுக்குகள் கொட்டின. ஞானத்தகப்பன் ஏதாவது கொடுக்க வேண்டுமே! குளிருக்கு உள்ளே நுழைந்து படுக்கிற, தன் உயிருக்கு உயிரான தூக்கப்பையைக் கொடுத்தான். வைரா அதற்குள் புகுந்து வெளியே வர மாட்டேன் என்றாள். மற்றவர்கள் ஆளுக்கொரு கொத்து வெட்டினார்கள். நியேவெஸ் வந்து அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "கொம்பாத்ரே!" என்றாள். குழந்தையின் பெற்றோரும் ஞானத்தகப்பனும் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொள்ளும் பெயர் அது. அவனுக்கு அது மாப்பிள்ளை என்கிற மாதிரி காதில் விழுந்தது.

மூன்று பீருக்கு அப்புறம், ஆட்டத்தின் நடுவில், அவள் கையைப் பிடித்து மண்டியிட்டான்.

"நியேவெஸ், என்னைக் கட்டிக்கிறீங்களா?"

ட்ரம்பெட் நின்றது. மேளம் நின்றது. நியேவெஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். ஒரு கிழவி வானத்தைப் பார்த்தாள்.

ட்ரம்பெட்காரர் வந்து அவனைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். "என்ன தம்பி இப்படிக் கேட்டுட்ட? பிள்ளையோட அம்மாவும் ஞானத்தகப்பனும் கட்டிக்கிறது கூடப்பொறந்தவங்க கட்டிக்கிற மாதிரி. அதைவிட மோசம். ஆலங்கட்டி பெஞ்சு கிழங்கெல்லாம் அழுகிடும். ராத்திரியானா உன் கழுத்து நீண்டு, லாமா தலை முளைச்சு, மலையெல்லாம் கத்திக்கிட்டு அலைவ."

"யாரும் எங்கிட்டச் சொல்லலியே!"

"வெட்டுறதுக்கு முன்னாடி நீ கேக்கலியே."

எசேகியேல் பாதிரியாரிடம் ஓடினான். "சாமி, ராஜினாமா பண்ண முடியுமா?"

பாதிரியார் பன்றி எலும்பைக் கீழே வைக்கவில்லை. "கல்யாணத்தைக்கூட ரத்து பண்ண ரோமாபுரியில ஆபீஸ் இருக்குப்பா. இதுக்கு இல்ல."

அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. உதிக்காமலே இருந்திருக்கலாம். நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். "எல்லாரும் கேளுங்க! நான் முடியை வெட்டவே இல்ல. கத்திரி வழுக்கிடுச்சு. ரிப்பனைத்தான் வெட்டினேன். அதனால இது செல்லாது!"

கூட்டம் பதறிவிட்டது. செல்லாதா? பிள்ளைக்குத் தோஷம் வராதா? "அப்ப ஒழுங்காப் பண்ணிடுவோம்," என்றாள் அந்தக் கிழவி. தூக்கப்பையிலிருந்து வைராவை உருவி எடுத்தார்கள். எஞ்சியிருந்த ஒரு கொத்துக்கு ரிப்பன் கட்டினார்கள். எசேகியேலின் கையில் கத்திரியைத் திணித்து, நாலு பேர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெட்ட வைத்தார்கள். இந்தத் தடவை வழுக்கக் கூடாது என்று பாதிரியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் வேறு சொன்னார். கோயிலிலிருந்து ஊருக்குப் பெயர் தந்த புனித புரூனோவின் சிலையையே சாட்சிக்குத் தூக்கி வந்து நிறுத்தினார்கள்.

"முன்னாடி பாதிதான் மாட்டியிருந்த. இப்ப முழுசா மாட்டிக்கிட்ட," என்றாள் மிலாக்ரோஸ். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது.

மறுநாள் காலை முதல் ஹாரனிலேயே எசேகியேல் பஸ்ஸில் இருந்தான். அழுதிருந்தான். மறைக்கவும் இல்லை. சட்டைக் கையில் ஒட்டியிருந்த சின்ன முடி ஒன்றை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். கஸ்தோன்கூட அன்று கேலி செய்யவில்லை. தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான்.

நியேவெஸ் ஜன்னலருகே வந்து, துணியில் கட்டிய பாலாடைக்கட்டியும் வேகவைத்த கிழங்கும் நீட்டினாள். "வழியில சாப்பிடுங்க கொம்பாத்ரே. நீங்க ரொம்ப நல்ல மனுஷன். நிஜமாத்தான் சொல்றேன்." அவள் கண்ணும் கொஞ்சம் ஈரம்தான். அதில் பொய்யில்லை. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போனாள். மொட்டைத்தலை வைரா தூக்கப்பைக்குள் நின்றபடி தத்தித் தத்தி வந்து கையாட்டினாள்.

பஸ் நகரும் நேரத்தில் ட்ரம்பெட்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து, அந்த ஜோடிப் பித்தளைத் தாளத்தை ஜன்னல் வழியாக அவன் மடியில் போட்டார்.

"எனக்கெதுக்கு அண்ணே இது?" என்றான் எசேகியேல்.

"அடுத்த வருஷத்துக்குள்ள அடிக்கக் கத்துக்க தம்பி," என்றார் அவர். "நாங்களும் அவளுக்கு ஏணி பிடிச்சவங்கதான். ட்ரம்பெட் எனக்கு வந்தது இந்தப் பிள்ளையோட முதல் முதல்முடிக்கு, மேளம் அவருக்கு ரெண்டாவது முதல்முடிக்கு, புல்லாங்குழல் போன வருஷத்து முதல்முடிக்கு."